விருதுக்கு முன்பே இருந்த கடைகள்: பிரிட்டனில் கறுப்பினக் குரல்களைத் தாங்கியவர்கள்

2019 அக்டோபரில் புக்கர் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் கனடாவின் மார்கரெட் அட்வுட். மற்றவர் பெர்னார்டின் எவரிஸ்டோ, ஐம்பது ஆண்டுக்கால வரலாறு கொண்ட அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அப்போது அவருக்கு வயது அறுபது. அவருடைய முதல் நூலான கவிதைத் தொகுப்பு 1994-இலேயே லீட்ஸ் நகரத்தின் பீப்பல் ட்ரீ என்ற சிறு பதிப்பகத்திலிருந்து வெளிவந்திருந்தது. கரீபியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் தங்களோடு கொண்டுபோய் நட்ட அரசமரத்தின் பெயரை அந்தப் பதிப்பகம் தாங்கியிருக்கிறது. பரிசுக்கும் அந்த முதல் நூலுக்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடியிருந்தது.

பரிசு அறிவிக்கப்பட்டு எட்டு மாதத்துக்குள் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்தக் கொலை எழுப்பிய கோபம் அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்கு வந்தபோது மக்கள் தெருவில் இறங்கியதோடு புத்தகக்கடைகளுக்கும் போனார்கள். 2020 ஜூனில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த முதல் கறுப்பின பிரிட்டிஷ் எழுத்தாளர் என்ற பெயர் ரெனி எடோ-லாட்ஜுக்குக் கிடைத்தது. இனவெறி குறித்த அவருடைய கட்டுரை நூல் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது. ஒரு சாவு நிகழ்ந்த பிறகே தன் புத்தகம் இப்படி விற்கிறது என்பது அவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருந்திருக்க முடியாது.

பரிசு, விற்பனைப் பட்டியல், அக்டோபர்தோறும் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதம் ஆகியவை நமக்குக் கண்ணில் படுபவை. அந்தக் குரல்கள் பரிசு பெறும் வயதுவரை அச்சில் நிலைத்திருந்ததற்குக் காரணமானவர்கள் கண்ணில் படுவதில்லை. சொந்த வீட்டு முன்னறையில் புத்தகம் விற்றவர்களும், தீர்ந்துபோன நூல்களைத் தேடி மறுபதிப்புச் செய்தவர்களும், துண்டறிக்கைகளைச் சேர்த்து அட்டவணைப்படுத்திய நூலகர்களும் செய்த வேலை அது. அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்த தமிழர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி.பி.சி. வானொலியில் ஜமைக்காவைச் சேர்ந்த ஊனா மார்சன் நடத்திய நிகழ்ச்சியொன்று, 1943 முதல் கரீபிய எழுத்தாளர்களின் கதைகளையும் கவிதைகளையும் ஒலிபரப்பும் வாராந்தர நிகழ்ச்சியாக மாறியது. போருக்குப் பிறகு ஹென்றி ஸ்வான்சி அதைப் பொறுப்பேற்று நடத்தினார். டெரெக் வால்காட், ஜார்ஜ் லாமிங், வி.எஸ். நைபால் ஆகியோரின் தொடக்கக் கால எழுத்துகள் இதன் வழியாகத்தான் கேட்கப்பட்டன. சென்னையிலிருந்து குடியேறிய தந்தைக்கு டிரினிடாடில் பிறந்த சாமுவேல் செல்வனும் அவர்களுள் ஒருவர். லண்டனில் வந்திறங்கிய கரீபியத் தொழிலாளர்களின் பேச்சுமொழியிலேயே அவர்களுடைய வாழ்க்கையை 1956-இல் நாவலாக்கியவர் அவர். எழுதியவர்களுக்கு அந்த நிகழ்ச்சி பணமும் கொடுத்தது, அது சிறிய விஷயமல்ல. ஆனாலும் பார்படோஸில் எழுதப்பட்ட கவிதை லண்டன் சென்று, லண்டனில் தேர்வாகி, அங்கிருந்தே மீண்டும் பார்படோஸின் காதுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. எது நல்ல எழுத்து என்று முடிவுசெய்யும் நாற்காலி வேறொருவருடையதாக இருந்தது. 1958-இல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டபோது அதைத் தடுக்கும் அதிகாரம் அந்த எழுத்தாளர்கள் யாரிடமும் இல்லை.

இந்தச் சார்புநிலையைத் தெளிவாகக் கண்டவர் ஜான் லா ரோஸ். 1927-இல் டிரினிடாடின் அரிமாவில் பிறந்து, தொழிற்சங்க அரசியலில் வளர்ந்து, 1961-இல் லண்டனுக்கு வந்தவர். காலனி ஆட்சி மக்களிடமிருந்து நிலத்தையும் உழைப்பையும் பறித்ததோடு தகவலையும் பறித்துவைத்தது என்பது அவருடைய அடிப்படையான வாதம். ஒரு தலைமுறை கற்றதும் எழுதியதும் போராடியதும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராதபடி தொடர்ச்சி அறுக்கப்படுவதால், ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்குகிறது என்றார் அவர். தன் பண்பாட்டுக்கும் வரலாற்றுக்கும் தானே மதிப்பளித்துக்கொள்ள ஒரு சமூகத்துக்குச் சொந்தப் பதிப்பகம் வேண்டும் என்பது இதிலிருந்து அவர் எடுத்த முடிவு. 1966-இல் சாரா வைட்டுடன் சேர்ந்து நியூ பீக்கன் புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடு அவருடைய கவிதைகள்தாம். அதே ஆண்டின் இறுதியில் கமாவ் பிராத்வைட், ஆண்ட்ரூ சால்கி ஆகியோருடன் சேர்ந்து கரீபியக் கலைஞர் இயக்கத்தையும் உருவாக்கினார். எழுத்தாளர்களும் ஓவியர் ஆப்ரி வில்லியம்ஸ், சிற்பி ரொனால்ட் மூடி போன்றவர்களும் அதில் ஒரே அறையில் கூடிப் பேசினார்கள்.

நியூ பீக்கன் எதைப் பதிப்பித்தது என்பதைப் பார்த்தாலே லா ரோஸின் நோக்கம் விளங்கிவிடும். 1888-இல் ஜேம்ஸ் அந்தோணி ஃப்ரூட் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத்தவர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று வாதிட்டு ஒரு பயண நூல் எழுதினார். டிரினிடாடின் பள்ளி ஆசிரியரான ஜே.ஜே. தாமஸ் என்ற கறுப்பினத்தவர் மறு ஆண்டே வரிக்கு வரி மறுப்பு எழுதினார். தீவுகளின் கிரியோல் மொழிக்கு 1869-இல் இலக்கணம் எழுதியவரும் அவர்தான். தாமஸின் இந்த இரண்டு நூல்களையும் நியூ பீக்கன் 1969-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்டுவிட்ட பதில் கைக்குக் கிடைக்காமல் போனதால், அதே வசையை மறுக்க 1960-களின் லண்டனில் இளைஞர்கள் புதிதாகச் சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். மறுபதிப்பு என்பது பழம்பெருமை பேசும் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டை யோசித்துப் பார்க்கலாம்.

1971-இல் அதே பதிப்பகம் வெளியிட்ட ஒரு சிறு நூல் வீடு வீடாகப் பேசப்பட்டது. பிரிட்டிஷ் பள்ளிகள் கரீபியக் குழந்தைகளை அளவுக்கு மீறிய எண்ணிக்கையில், கற்றல் திறன் குறைந்தவர்கள் என முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளுவதை பெர்னார்ட் கோர்ட் என்ற கிரெனடா ஆசிரியர் அதில் விளக்கியிருந்தார். பெற்றோர்களைப் பார்த்து எழுதப்பட்ட நூல் அது. கறுப்பினப் பெற்றோர்கள் சனிக்கிழமைகளில் தாங்களே நடத்திய துணைப்பள்ளிகள் பெருகியதில் அதற்குப் பங்குண்டு. அப்படியொரு பள்ளியை லா ரோஸ் 1969-இலேயே தொடங்கியிருந்தார். பாடநூல் வேண்டுமானால் புத்தகக்கடை வேண்டும். கடைக்கு வாசகர் வேண்டுமானால் பள்ளி வேண்டும். 1973 முதல் வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் இயங்கிய நியூ பீக்கன் கடை இந்த இரண்டுக்கும் நடுவே நின்றது.

நகரத்தின் மேற்கு மூலையில், ஈலிங்கில், கயானாவைச் சேர்ந்த ஜெசிகா ஹன்ட்லி, எரிக் ஹன்ட்லி தம்பதியர் வேறொரு காரணத்துக்காகப் பதிப்பாளர்களானார்கள். 1968 அக்டோபரில் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி ஜமைக்காவுக்குள் திரும்ப நுழைய அந்நாட்டு அரசு தடை விதித்தது. ஜமைக்காவின் ஏழை மக்களிடையே அவர் ஆற்றிய உரைகளை மக்களிடம் சேர்க்க வேண்டும் என்று லண்டன் நண்பர்கள் முடிவெடுத்துப் பணம் திரட்டினார்கள். 1969-இல் வெளிவந்த அந்த நூலோடு போகல்-லூவெர்ச்சூர் பதிப்பகம் பிறந்தது. ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படி வளர்ச்சியற்றதாக ஆக்கியது என்று ராட்னி எழுதி, இன்றும் உலகெங்கும் படிக்கப்படும் நூலை 1972-இல் கொண்டுவந்ததும் அவர்கள்தான். லின்டன் க்வெசி ஜான்சன் ஜமைக்கப் பேச்சுமொழியில் எழுதிய கவிதைத் தொகுப்பை 1975-இல் வெளியிட்டார்கள். 2002-இல் பெங்குவின் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவருடைய தொகுப்பைச் சேர்த்தபோது, உயிரோடு இருக்கும்போதே அந்த வரிசையில் இடம்பெற்ற இரண்டாவது கவிஞர் அவர் என்று சொல்லப்பட்டது. பெரிய பதிப்பகம் அவரைக் கண்டெடுக்க 27 ஆண்டு ஆனது. வீட்டிலிருந்து புத்தகம் விற்றவர்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. 1980-இல் ராட்னி ஜார்ஜ்டவுனில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு ஹன்ட்லி தம்பதியர் தங்கள் கடைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

இந்தக் கடைகள் அமைதியாக நடக்கவும் விடப்படவில்லை. 1970-களின் பிற்பகுதியில் இனவெறிக் கும்பல்கள் கறுப்பினப் புத்தகக்கடைகளையும் இடதுசாரிக் கடைகளையும் தொடர்ந்து தாக்கின. கண்ணாடிகள் உடைக்கப்பட்டன, சுவர்களில் வசை எழுதப்பட்டது. கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்துக் காவல்துறையிடமும் அரசிடமும் முறையிட வேண்டியதாயிற்று. புத்தகக்கடை என்பது அரசியல் இடம் என்பதைத் தாக்கியவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

பெரும்போக்குப் பதிப்புலகத்துக்குள்ளேயே நின்று வேலைசெய்தவர் மார்கரெட் பஸ்பி. கானாவில் பிறந்த இவர், 1967-இல் கிளைவ் அலிசனுடன் சேர்ந்து பதிப்பகம் தொடங்கியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் அவர்தான். பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சாம் கிரீன்லியின் நாவலை 1969-இல் வெளியிட்டார். நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெசெட்டாவின் நாவல்களையும், அச்சில் இல்லாமல் போயிருந்த, டிரினிடாட் வரலாற்றாசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸின் நூல்களையும் கொண்டுவந்தார். 1984-இல் ஒரு வார இதழில் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் பழசாகவில்லை: சிறுபான்மையினரைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்ற தேவைக்கு ஈடுகொடுத்துவிட்டு, அந்தச் சிறுபான்மையினரைத் தொழிலின் எல்லாப் படிநிலைகளிலும் சேர்த்துக்கொள்ளாத முறையை அப்படியே தொடர்ந்தால் போதுமா? மூன்றே ஆண்டில், 1987-இல், அவருடைய பதிப்பகம் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. நல்ல பட்டியல் இருந்தாலும் முதலீடு இல்லாத பதிப்பகத்தின் கதி இது.

இனி அந்தத் தமிழர். அம்பலவாணர் சிவானந்தன் 1923-இல் கொழும்பில் பிறந்தார். குடும்பத்தின் ஊர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். மலையகத்தில் ஆசிரியராகவும் பிறகு வங்கியிலும் வேலை பார்த்த அவர், 1958-இல் இலங்கையில் தமிழர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு லண்டனுக்குக் கிளம்பினார். அவர் வந்த அதே ஆண்டு நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கரீபிய மக்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. ஒரு நாட்டில் தமிழன் என்பதால் துரத்தப்பட்டவர் இன்னொரு நாட்டில் நிறத்தால் குறிவைக்கப்படுவதைக் கண்டார். இதை நெருப்பில் பெற்ற இரட்டை ஞானஸ்நானம் என்று பின்னாளில் அவர் சொன்னார். பொது நூலகம் ஒன்றில் எடுபிடி வேலையில் தொடங்கி நூலகராகத் தகுதிபெற்று, 1964-இல் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார்.

அந்த நிறுவனம் பிரபுக்களும் பெருந்தொழில் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த நிர்வாகக் குழுவின்கீழ், குடியேறியவர்களை ஆராய்ச்சிப் பொருளாக வைத்து அரசுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தது. கறுப்பின மக்களை ஆராய்வதற்குப் பதிலாக வெள்ளை இனவெறியை ஆராய வேண்டும் என்ற கருத்து ஊழியர்களிடையே வலுத்தது. 1972-இல் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் நிர்வாகக் குழு தோற்று விலகியது. அதன் பிறகு பெரிய நன்கொடைகள் நின்றன, ஊழியர்கள் குறைந்தார்கள், நிறுவனம் கிங்ஸ் கிராஸ் பகுதியில் சிறிய இடத்துக்கு நகர்ந்தது. மிஞ்சியது நூலகமும் அதன் நூலகரும். அந்த நூலகர் இயக்குநரானார். 1974 முதல் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழ் ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியப் போராட்டங்களை ஒரே பக்கத்தில் வைத்துப் பேசியது. ‘நீங்கள் அங்கே இருந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று குடியேற்றத்தின் வரலாற்றை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களுக்காகவே போராடுகிறோம் என்பதும் அவருடைய கூற்று. தெற்காசியர்களும் கரீபியர்களும் ஆப்பிரிக்கர்களும் ‘கறுப்பினத்தவர்’ என்ற ஒரே அரசியல் அடையாளத்தின்கீழ்த் திரண்ட காலம் அது. பின்னர் அந்த அடையாளம் கலைந்து, ஒவ்வொரு சமூகமும் தனித்தனியே நிதியும் அங்கீகாரமும் கேட்கத் தொடங்கியதை அவர் கடுமையாக விமர்சித்தார். கறுப்பினத்தவருக்கே உரிய அனுபவம் அந்தப் பொது அடையாளத்துக்குள் மறைந்துபோகிறது என்று எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இவர் கட்டிக்காத்த நூலகத்தின் மதிப்பு குறித்து யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது 2006-இல் வாரிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. இலங்கைத் தமிழர்களின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லும் அவருடைய ஆங்கில நாவல் 1997-இல், அவர் எழுபதைக் கடந்த பிறகு, வெளிவந்தது. 2018 ஜனவரியில் அவர் காலமானார்.

சிதறியிருந்த இந்தக் கைகள் ஒன்றுசேர்ந்த இடம், நியூ பீக்கனும் போகல்-லூவெர்ச்சூரும் ‘ரேஸ் டுடே’ என்ற கறுப்பின அரசியல் இதழின் குழுவும் 1982-இல் இஸ்லிங்டனில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் காட்சி. முதல் காட்சியை சி.எல்.ஆர். ஜேம்ஸ் திறந்துவைத்தார். 1995 வரை பன்னிரண்டு முறை நடந்தது. முதல் காட்சிக்கு முந்தைய ஆண்டு, 1981 ஜனவரியில், லண்டனின் நியூ கிராஸில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பற்றிய தீயில் 13 கறுப்பின இளைஞர்கள் மாண்டிருந்தார்கள். அரசும் ஊடகங்களும் காட்டிய அலட்சியத்தைக் கண்டித்து 1981 மார்ச் 2 அன்று ஏறத்தாழ இருபதாயிரம் பேர் லண்டன் வழியே நடந்தார்கள். அதை ஒருங்கிணைத்த குழுவின் தலைவர் லா ரோஸ். புத்தகம் விற்றவரும் பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் ஒருவராகவே இருந்ததில் அந்தச் சூழலில் யாருக்கும் வியப்பில்லை.

ஓவிய உலகில் காத்திருப்பு இன்னும் நீண்டது. 1985-இல் லுபைனா ஹிமிட் லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் பதினொரு கறுப்பின, ஆசியப் பெண் கலைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். நிறுவனம் ஒதுக்கிய இடம் பெரும்பாலும் நடைவழி. அதில் இடம்பெற்ற சோனியா பாய்ஸ் 2022-இல் வெனிஸ் கலைவிழாவில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்றுத் தங்கச் சிங்க விருது பெற்றார். ஹிமிட் 2017-இல் தன் 63-ஆம் வயதில், பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அந்தப் பரிசு என்ற விதி அந்த ஆண்டுதான் நீக்கப்பட்டது. ஐம்பதுக்குள் கவனிக்கப்படாதவருக்குப் பிறகு வாய்ப்பே இல்லை என்ற அந்த விதி, பார்வைக்கு நடுநிலையாக இருந்துகொண்டே யாரை வெளியே நிறுத்தியது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. இடைப்பட்ட காலத்தில் ஹிமிட் சும்மா இருக்கவில்லை. பிரெஸ்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே, கறுப்பினக் கலைஞர்களின் அழைப்பிதழ்களையும் கண்காட்சிப் பட்டியல்களையும் சேர்த்து ஓர் ஆவணத் தொகுப்பை உருவாக்கினார். பின்வந்த ஆய்வாளர்களுக்கு அந்த முப்பதாண்டு வெற்றிடமாகத் தெரியாமல் போனதற்கு அத்தகைய தொகுப்புகளே காரணம்.

எவரிஸ்டோவும் இதே மரபில் வந்தவர். 1982-இல் நாடகப்பள்ளித் தோழியருடன் கறுப்பினப் பெண்களுக்கான நாடகக் குழு தொடங்கியவர். பிரிட்டனின் முக்கியப் பதிப்பகங்கள் வெளியிடும் கவிதைத் தொகுப்புகளில் கறுப்பினத்தவரும் ஆசியரும் எழுதியவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2000-களின் நடுவில் ஓர் அறிக்கை காட்டியபோது, கவிஞர்களுக்கான வழிகாட்டித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பத்தாண்டில் மூன்று சுற்றுகளாக முப்பது பேர் அதில் பயின்றார்கள். ஒவ்வொருவருக்கும் மூத்த கவிஞர் ஒருவர் துணையாக நியமிக்கப்பட்டார். வார்சன் ஷைர், கயோ சிங்கோனி, இனுவா எலம்ஸ் ஆகியோர் அவர்களுள் சிலர். முதல் சுற்றில் இருந்த ரோஜர் ராபின்சன் கவிதைக்கான டி.எஸ். எலியட் பரிசை 2019-ஆம் ஆண்டுக்கு வென்றார். அவருடைய நூலை வெளியிட்டதும் பீப்பல் ட்ரீதான்.

2020-இன் அலை பதிப்புலகத்தை அசைத்தது உண்மை. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் கறுப்பின எழுத்தாளர் சங்கம் என்ற பெயரில் பெரிய பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதி, எத்தனை கறுப்பின எழுத்தாளர்களை வெளியிடுகிறீர்கள், நூல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் பொறுப்பில் எத்தனை கறுப்பினத்தவர் என்று கணக்குக் கேட்டார்கள். வலேரி பிராண்டஸ் நடத்தும் ஜாகராண்டா என்ற சிறு பதிப்பகம் அந்த ஓராண்டில் இருபது கறுப்பின பிரிட்டிஷ் எழுத்தாளர்களை வெளியிடுவதாக அறிவித்திருந்தது. அந்தத் திட்டம் அலைக்கு முன்பே வகுக்கப்பட்டது. ஆனால் அலை வடிந்ததும் என்ன ஆகிறது என்பதற்குக் குழந்தைகள் இலக்கியம் ஓர் அளவுகோலைத் தருகிறது. தொடக்கக் கல்வி எழுத்தறிவு மையம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, 2017-இல் பிரிட்டனில் வெளியான குழந்தைகள் நூல்களில் சிறுபான்மை இனப் பாத்திரங்கள் இடம்பெற்றவை 4 விழுக்காடு. 2022-இல் அது 30 விழுக்காடாக உயர்ந்தது. அடுத்த ஆண்டே 17-ஆகச் சரிந்தது. கவனம் இருந்தவரை நூல்கள் வந்தன. முடிவெடுக்கும் இருக்கைகளில் போதிய மாற்றம் வராததால், கவனம் நகர்ந்ததும் எண்ணிக்கையும் நகர்ந்துவிட்டது.

சிறு அமைப்புகளுக்கும் நிலைமை எளிதாக இல்லை. இணையவழி விற்பனையின் போட்டியால் 2016-இன் இறுதியில் நியூ பீக்கன் மூடப்படும் நிலைக்கு வந்தது. இளைய தலைமுறையினர் இணையத்தில் நன்கொடை திரட்டி, 2017-இல் கடையைப் புதுப்பித்துத் திறந்தார்கள். கடையோடு சேர்ந்த கட்டடத்தில் லா ரோஸ் 1991-இல் நண்பர்களுடன் நிறுவிய ஜார்ஜ் பாட்மோர் நிறுவனம் இருக்கிறது. புத்தகக் காட்சிகளின் கடிதங்கள், நியூ கிராஸ் குழுவின் குறிப்புகள், துணைப்பள்ளிகளின் பதிவேடுகள் எல்லாம் அங்கே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஹன்ட்லி தம்பதியரின் ஆவணங்கள் லண்டன் நகர ஆவணக்காப்பகத்தில் சேர்ந்துவிட்டன.

பதிப்பகத்தை இழந்த பஸ்பி, 1992-இல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் இருநூறு பேருக்கு மேற்பட்டோரின் எழுத்துகளை ஆயிரம் பக்கத் தொகுப்பாக்கியிருந்தார். 2019-இல் வேறு இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு அதன் தொடர்ச்சியை வெளியிட்டபோது, எழுதியவர்கள் தங்களுக்குரிய ஊதியத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதைக் கொண்டு, ஆப்பிரிக்க மாணவி ஒருவர் லண்டனின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் முதுகலை பயில உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. அதை முதலில் பெற்றவர் கென்யாவைச் சேர்ந்த இட்சா லுஹும்யோ. 2022-இல் ஆப்பிரிக்கச் சிறுகதைக்கான கெய்ன் பரிசு அவருக்குக் கிடைத்தது.